படவேட்டுக்கு ஒரு துறைமுகம் இருந்தது

எங்க ஊருக்கு ஒரு துறைமுகம் இருந்தது என்று சொன்னால் ஆபீசில் ஒருத்தரும் நம்புவதில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. எங்க ஊர் படவேடு. திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். வேலூர் - திருவண்ணாமலை ரோட்டில் கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசலில் மலைப்பக்கம் திரும்பணும். போகப் போக மலை கிட்டே வரும், வாழைத்தோட்டம் வரும், நெல்வயல் வரும். கடல் மட்டும் வரவே வராது. நேர்கோட்டில் அளந்தால் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அலையைப் பார்க்க முடியும்.

ஆனாலும் இருந்தது மக்களே. கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'சட்ராஸ்' ஆன ஊர். 14-ஆம் நூற்றாண்டில் அதற்கு வேறொரு பேர்: ராஜநாராயணன் பட்டினம். அந்த ராஜநாராயணன் படவேட்டு ராஜா.

முதலில் ஊர்க்கதையைச் சொல்லிவிடுகிறேன். படவேடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரேணுகாம்பாள் கோயில்தான் ஞாபகம் வரும். ஆடி வெள்ளிக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் சின்ன ஊர் என்றே சொல்ல மாட்டீர்கள். மற்ற நாளில் அமைதியான கிராமம். ஆனால் சும்மா நடந்தாலே எங்கேயாவது ஒரு பழைய கோயில் காலில் இடறும். அம்மையப்பர் கோயில் ஒரு பக்கம், மலைமேல் வேணுகோபாலர் ஒரு பக்கம், லட்சுமி நரசிம்மர் இன்னொரு பக்கம். யோக ராமர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ராமர் கையில் வில் கிடையாது. சின்முத்திரையோடு உட்கார்ந்திருப்பார், எதிரே அனுமார் சுவடி படித்துக்கொண்டிருப்பார். பெரிய கோட்டை, சின்னக் கோட்டை என்று இரண்டு கோட்டை இருந்த தடம் உண்டு. '1008 சிவன் கோயில், 108 பெருமாள் கோயில் இருந்த ஊர்டா இது' என்று பெருசுகள் சொல்வார்கள். எண்ணிக்கையை நான் சரிபார்க்கப் போவதில்லை :)

பேரிலேயே விஷயம் இருக்கிறது. படைவீடு. படை தங்குகிற இடம், ராஜாவின் பாசறை. நாக்கில் புரண்டு புரண்டு படவேடு ஆகிவிட்டது. கல்வெட்டுகளில் 'மருதரசர் படைவீடு' என்று வரும்.

இங்கே இருந்து ஆண்டவர்கள் சம்புவராயர்கள். சோழர்களுக்குக் கீழே சிற்றரசர்களாகத் தொடங்கியவர்கள். 'செங்கேணி அம்மையப்பன்' என்பது அவர்கள் குடும்பப் பட்டம் மாதிரி, ஒவ்வொருத்தர் பேருக்கு முன்னாலும் நிற்கும். எங்க ஊர் அம்மையப்பர் கோயில் பேரும் அதே பேர்தான். அந்தக் கோயில் கல்வெட்டு ஒன்றில் சக வருஷம் 1180, அதாவது கி.பி. 1258 வாக்கில், ராஜகம்பீர சம்புவராயன் பேர் வருகிறது. ஊருக்குப் பக்கத்து மலைக்கோட்டைக்கு ராஜகம்பீர மலை என்று பேர்.

1279-க்குப் பிறகு சோழர் கதை முடிந்தது. 1311-இல் மாலிக் காபூர் படையெடுப்பு. பாண்டியர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். மதுரையில் சுல்தான் ஆட்சி வந்தது. யார் பெரியவன் என்றே தெரியாத அந்தக் குழப்பத்தில், தொண்டை மண்டலத்தில் யாருக்கும் அடங்காமல் நின்றவர்கள் எங்க ஊர்க்காரர்கள். ஏகாம்பரநாத சம்புவராயர் 'வென்று மண்கொண்டான்' என்று பட்டம் போட்டுக்கொண்டார். ஜெயித்து மண்ணைப் பிடித்தவன் என்று அர்த்தம். அவருக்கு அப்புறம் ராஜநாராயண சம்புவராயர், சுமார் 1337-இலிருந்து 1363 வரை. இவர் ஒரு படி மேலே போய் 'சகலலோக சக்கரவர்த்தி' ஆனார். எல்லா உலகத்துக்கும் சக்கரவர்த்தி! கையில் இருந்த உலகம் பாலாற்றையும் செய்யாற்றையும் சுற்றியிருந்த நாடு. பட்டம் வைக்கிறதில் நம்ம ஆட்களை மிஞ்ச முடியாது. இந்தச் சக்கரவர்த்தியின் பேரைத்தான் அந்தக் கடற்கரை ஊர் சுமந்தது.

சரி, ஐடி வேலை பார்க்கிறவனுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? காரணம் ஜெர்மனி.

ஆன்சைட் என்று மூன்று மாசம் ஹாம்பர்க்கில் இருந்தேன். சனி ஞாயிறு என்றால் பக்கத்து ஊருக்கு ரயில். அப்படி ஒரு நாள் போனது லூபெக். ஹாம்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. பால்டிக் கடல் வியாபாரத்துக்கு ஒரு காலத்தில் தலைநகரம் மாதிரி இருந்த ஊர். 1143-இல் உருவாகி, 1226-இல் பேரரசருக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம் ஆனது. வட ஜெர்மன் வியாபார நகரங்கள் சேர்ந்து வைத்திருந்த ஹன்சா என்கிற கூட்டணியின் முதல் பொதுச்சபை 1356-இல் இங்கேதான் கூடியது. 1356! படவேட்டில் ராஜநாராயணர் உட்கார்ந்திருந்த அதே காலம். அங்கே உப்பும் ஹெர்ரிங் மீனும், இங்கே துணி. அங்கே சிவப்புச் செங்கல், இங்கே கருங்கல்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஹோல்ஸ்டன் வாசல் என்று ஒரு பெரிய கோட்டை வாசல். 1478-இல் கட்டி முடித்தது. குண்டு குண்டாக இரண்டு கோபுரம், இரண்டும் லேசாகச் சாய்ந்து நிற்கும். ஈரமண்ணில் கட்டியதால் பாரம் தாங்காமல் உள்ளே இறங்கிவிட்டதாம். கீழ்த்தளத்துப் பீரங்கித் துளைகள் இன்றைக்குத் தரைமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அதைப் பார்த்ததும் எனக்கு எங்க ஊர்க் கோயில்கள்தான் ஞாபகம் வந்தன. மண்ணுக்குள் போன வாசல் எங்களுக்குப் புதுசா என்ன?

ஆனால் அங்கே கேட்ட கதை வேறு மாதிரி. 19-ஆம் நூற்றாண்டில் அந்த வாசலை இடித்துவிடலாம் என்று ஊரில் ஒரு கூட்டம் கிளம்பியது. பழசு, சாய்ந்திருக்கிறது, வழியை அடைக்கிறது. 1863-இல் நகரசபையில் ஓட்டுக்கு விட்டார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வாசல் தப்பியது. இன்றைக்கு ஜெர்மனி 2006-இல் வெளியிட்ட 2 யூரோ காசில் அந்த வாசல் இருக்கிறது. பழைய நகரம் முழுக்க 1987-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். மரியா தேவாலயம். 1942 மார்ச் கடைசியில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்ட இரவில் தேவாலயம் எரிந்து, கோபுரத்து மணிகள் அத்தனை உயரத்திலிருந்து தரையில் விழுந்து நொறுங்கின. கோயிலைத் திரும்பக் கட்டினவர்கள் அந்த மணிகளை எடுக்கவில்லை. விழுந்த இடத்திலேயே, நொறுங்கின மாதிரியே விட்டுவிட்டார்கள். சுற்றி கம்பி வேலி மட்டும். நம்ம ஊருக்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதனால் நடந்தது என்று தெரிந்தவர்கள்தான் அப்படி விட்டு வைக்க முடியும் என்று தோன்றியது.

ஏனென்றால் எங்க ஊருக்கு என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். மண்மாரி. ஆயாவைக் கேட்டால் இப்படித்தான் சொல்லும்: "அம்மாவுக்குக் கோவம் வந்துச்சு, மண்ணும் கல்லுமா மழை பெஞ்சுது, ஊரே மூடிப் போச்சு." அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால், "அதெல்லாம் கேக்கக் கூடாது சாமி, போய் சாப்பிடு." முடிந்தது வரலாற்று வகுப்பு.

கல்வெட்டும் காவியமும் சொல்கிற கதை வேறு. 1360-களின் தொடக்கத்தில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே வந்தான். அவன் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விஜயம் என்கிற சமஸ்கிருத காவியத்தில் இந்தப் போர் வருகிறது. விரிஞ்சிபுரம் வழியாக வந்து சம்புவராயனோடு மோதுகிறார்கள். ராஜகம்பீர மலைக்கோட்டையை முற்றுகை போடுகிறார்கள். நம்ம ஆள் தோற்றுப்போகிறார். அதற்கு அப்புறம்தான் கம்பணன் மதுரைக்குப் போகிறான். மதுரையை ஜெயித்த கதைக்கு முன்னால் வருகிற ஒரு அத்தியாயமாக எங்க ஊர் முடிந்துவிட்டது. புருஷன் ஜெயித்ததை மனைவி எழுதியது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டுதான் படிக்கணும் :) இந்த நூலின் சுவடி 1916-இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. அதற்கு முன்னால் இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஆளே இல்லை.

ஊர் அன்றைக்கே அழிந்துவிடவில்லை. விஜயநகர ஆட்சியில் 'படைவீட்டு ராஜ்யம்' என்று ஒரு மாகாணமே இருந்தது. 1425-ஆம் வருஷத்து விரிஞ்சிபுரம் கல்வெட்டு ஒன்று சுவாரசியமானது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாடர் எல்லாரும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். பெண்ணுக்குப் பொன் வாங்கிக் கல்யாணம் செய்யக் கூடாது, கன்னிகாதானமாகத்தான் செய்யணும். மீறி பொன் வாங்குகிற அப்பாவுக்கும், கொடுக்கிற மாப்பிள்ளைக்கும் ராஜ தண்டனை, ஜாதியிலிருந்து விலக்கு. ஆமாம், அன்றைக்குக் காசு கொடுத்தது மாப்பிள்ளை பக்கம்! அது இருக்கட்டும். நாலு மொழிக்காரர்கள் கூடி ஒப்பந்தம் போடுகிற அளவுக்கு அந்த ராஜ்யம் பெரிசு என்பதைக் கவனிங்க.

அப்புறம் அதிகாரம் இடம் மாறியது. 16-ஆம் நூற்றாண்டில் வேலூரில் கோட்டை எழும்பியது. செஞ்சி, சந்திரகிரி என்று நாயக்கர்களும் ராயர்களும் வேறு இடங்களில் உட்கார்ந்தார்கள். ராஜா இருந்தால் படை, படை இருந்தால் கடைவீதி. ராஜா போனால்? படைவீட்டில் படை இல்லை என்றால் அது வெறும் வீடு. மலையடிவாரத்து ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மண்ணைக் கொண்டு வந்து கொட்டும். ஆள் இருக்கிற ஊரில் வாரிப் போடுவார்கள். ஆள் இல்லாத ஊரில் அது அப்படியே ஏறும். இது என் கணக்குதான். ஆனால் ஆயா சொன்ன மண்மாரி ஒரே ராத்திரியில் பெய்ததாக இருக்காது, ஒரு இருநூறு முந்நூறு வருஷம் பெய்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தத் துறைமுகத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மேப்பைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்க ஊரில் ஓடுகிற ஆறு கமண்டல நதி. நாகநதியோடு சேர்ந்து ஆரணி வழியாகப் போய் செய்யாற்றில் கலக்கும். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும். பாலாறு கடலில் கலக்கிற இடம் வாயலூர்ப் பக்கம். அது சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தூரம்தான்! அதாவது ஜவ்வாது மலையில் பெய்து படவேட்டைத் தொட்ட தண்ணீர், ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில், ராஜநாராயணன் பட்டினத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் கடலைச் சேர்ந்திருக்கிறது. ராஜா எதற்கு அந்த ஊருக்குத் தன் பேரை வைத்தார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் நாட்டுக்கு ஆறு காட்டிய வழியே அதுதான். இப்போது ஆறு முக்கால்வாசி நாள் வெறும் மணல். மணலையும் அள்ளிவிட்டார்கள், அது வேற கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்தேன். ஆரணி, செய்யாறு, உத்திரமேரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். கூடிய வரைக்கும் ஆற்றை விட்டு ரொம்ப விலகாத ரோடாகப் பார்த்துப் போனேன். ராஜநாராயணன் பட்டினம் என்கிற பேருக்கு ஆதாரம் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டில் இருக்கிறது என்று படித்திருந்ததால் வேதகிரீஸ்வரருக்கும் ஒரு கும்பிடு. அங்கிருந்து கிழக்கே போனால் பக்கிங்காம் கால்வாய். தாண்டினால் ஒரு பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையம், இன்னொரு பக்கம் சதுரங்கப்பட்டினம்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "டச்சுக் கோட்டையா? நேரா போங்க தம்பி." ராஜநாராயணன் என்று கேட்டுப் பார்த்தேன். டீக்கடைப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்தத் தெரு?" என்றார். அவரைச் சொல்லி என்ன, படவேட்டிலும் அதே கேள்விதான் வரும்.

கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலில் இரண்டு பீரங்கி. உள்ளே எல்லாம் செங்கல். பாதி இடிந்த சுவர், தானியக் கிடங்கு, மதில்மேல் ஏறினால் நேரே கடல். காற்று ஆளைத் தள்ளும். ஒரு மூலையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள். கல்லில் பூவேலையும் எழுத்தும் இழைத்திருக்கிறார்கள், முந்நூறு வருஷம் ஆகியும் எழுத்து தெளிவாக நிற்கிறது. அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன என்றும் படித்திருக்கிறேன். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து துணி போகும். தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் அந்தத் துணியைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவார்கள். டச்சுக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து உட்கார்ந்ததே நெசவுக்காகத்தான். ஊருக்குள் மலைமண்டலப் பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. மலைமண்டலம் என்றால் பழைய கல்வெட்டுகளில் கேரளம். அந்தக் கரைக்காரர்களுக்கும் இந்தக் கரைக்கும் போக்குவரத்து இருந்தது என்பதை ஒரு சாமி பேர் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதாவது டச்சுக்காரன் துறைமுகத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கடைக்கு வந்த பெரிய வாடிக்கையாளர் அவன்.

இங்கேதான் ஜெர்மனி மறுபடியும் வருகிறது. டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த சிப்பாய், மாலுமிகளில் நிறையப் பேர் டச்சுக்காரர்களே கிடையாது, ஜெர்மன் ஊர்களிலிருந்து பிழைப்பு தேடி ஆம்ஸ்டர்டாம் வந்தவர்கள். அப்படி ஒருத்தர் யாகோப் ஹாஃப்னர். 1754-இல் ஹாலே ஊரில் பிறந்தவர். (தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு படித்தாரே, அதே ஹாலே.) அப்பா கப்பல் மருத்துவர். சின்னப் பையனாக அவரோடு கப்பல் ஏறினார். அப்பா வழியிலேயே இறந்துபோனார். எங்கெங்கோ அலைந்து, நாகப்பட்டினம் வந்து, கடைசியில் சதுரங்கப்பட்டினத்துக் கம்பெனியில் கணக்கர். அந்தக் காலத்து ஆன்சைட் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ரிட்டர்ன் டிக்கெட் இல்லாத ஆன்சைட். தமிழ் கற்றுக்கொண்டார். ஊர் அவருக்குப் பிடித்துவிட்டது. பிற்காலத்தில் ஐரோப்பா திரும்பி, 1806-லும் 1808-லும் பயணப் புத்தகங்கள் எழுதினார். வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டில் செய்ததை வெளுத்து வாங்கியவர். அந்தக் காலத்தில் அப்படி எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவர் இங்கே இருந்தபோதுதான் போர் வந்தது. அந்தப் போர் எங்க ஊர் வழியாகவும் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். செங்கம் எங்கே இருக்கிறது? ஜவ்வாது மலைக்குத் தெற்கே. செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. இன்னொரு பக்கம், அமெரிக்க சுதந்திரப் போரில் ஏற்பட்ட சண்டையில் இங்கிலாந்து ஹாலந்து மேல் போர் அறிவித்தது. அமெரிக்கா எங்கே, சதுரங்கப்பட்டினம் எங்கே! 1781-இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து உடைத்தார்கள். ஹாஃப்னர் கைதியாகிச் சென்னைக்குப் போனார். 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி இதே கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் மோதின. அதே வருஷம் ஜூன் 2-ஆம் தேதி எங்க ஊருக்குப் பக்கத்து ஆரணியில் ஹைதரும் அயர் கூட்டும் மோதினார்கள். ஆற்றின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒரே போர்.

சென்னையில் பஞ்சம். கிராமத்து ஜனங்கள் உயிர் தப்ப நகரத்துக்குள் வந்து தெருவில் செத்தார்கள். ஹாஃப்னர் அதைக் கண்ணால் பார்த்து, ஆங்கிலேயர்கள் மேல் கோபத்தோடு எழுதியிருக்கிறார். பிறகு தப்பித்துத் தரங்கம்பாடி வழியாக இலங்கை போய்ச் சேர்ந்தார். அந்தப் பஞ்சத்தில் எங்க பக்கத்து ஜனங்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை. ஹாலேயில் பிறந்த ஒரு கணக்கப்பிள்ளைதான் அவர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் 1818-இல் டச்சுக்காரர்களிடம் திரும்பி வந்து, 1825-இல் மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. துறைமுகமும் மெல்ல அடங்கியது. இப்போது மீன்பிடிப் படகுகள்.

மதில்மேல் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தலைநகரம் ராஜாவை நம்பி இருந்தது, ராஜாவோடு போய்விட்டது. துறைமுகம் நெசவாளியையும் வியாபாரியையும் நம்பி இருந்தது. ராஜா போனபிறகும் நானூற்று ஐம்பது வருஷம் தாக்குப்பிடித்தது. சம்புவராயர், விஜயநகரம், டச்சு, ஆங்கிலேயர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது. லூபெக்கும் அப்படித்தான், வியாபாரிகள் ஊர். ஆனால் லூபெக்கில் வியாபாரிகளே நகரசபையில் உட்கார்ந்தார்கள். கணக்கையும் கடிதத்தையும் அவர்களே பத்திரமாக வைத்தார்கள். இங்கே தறியில் உட்கார்ந்தவன் பேரை யாரும் எழுதவில்லை. யார் கடைசியாகக் கல்லில் எழுதினானோ அவன் பேர்தான் நிற்கிறது. அதனால் அது 'டச்சுக் கோட்டை' மட்டும்தான். படவேடு 'அம்மன் கோயில் ஊர்' மட்டும்தான். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த ராஜ்யம் ஞாபகத்திலிருந்தே போய்விட்டது.

அம்மன் கோயில் ஊர் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆயாவின் மண்மாரிக் கதையையும் நான் விட மாட்டேன். அதுவும் எங்க சொத்து. ஆனால் அந்தக் கதையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சாமி குத்தம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை இல்லை. யார் தோற்றார், ஏன் போனார்கள், மிச்சம் என்ன என்று தேட வேண்டியதில்லை. காக்கவும் வேண்டியதில்லை.

காக்க வேண்டியது நிறைய இருக்கிறது. 1990-களுக்கு அப்புறம் படவேட்டில் பல கோயில்களை எடுத்துக் கட்டி விளக்கேற்றியிருக்கிறார்கள். அது பெரிய விஷயம், இல்லையென்றால் பாதி கோயில் புதருக்குள்தான் இருந்திருக்கும். ஆனால் எங்க மாவட்டத்துச் சின்னச் சின்னக் கோயில்களில் கும்பாபிஷேகம் என்றால் நடக்கிறது என்ன? சுவருக்குப் பெயிண்ட், தரைக்கு டைல்ஸ். அதிட்டானத்துக் கல்லில் நாலு வரி எழுத்து இருந்தால் அதன் மேலேயும் சுண்ணாம்பு. செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பக்தியோடுதான் செய்கிறார்கள். அந்த நாலு வரியில்தான் ஊர் இருக்கிறது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் என்று ஒரு கிராமம் இருக்கும். அடுத்த தடவை போகும்போது ஊர்க்கோயிலின் அடிச்சுவரைக் குனிந்து ஒரு தடவை பாருங்க. எழுத்து தெரிந்தால் சாய்வான வெளிச்சத்தில், காலையிலோ சாயங்காலமோ, நாலு போட்டோ எடுத்து வைங்க. மாவு பூச வேண்டாம், சுரண்ட வேண்டாம். எடுத்த படத்தைத் தொல்லியல் துறைக்கோ, பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ அனுப்புங்க. கோயில் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "அந்தக் கல்லை மட்டும் விட்டுடுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க.

லூபெக்கில் அந்த வாசல் தப்பியது ஒரே ஒரு ஓட்டில்தான்.